கழிக்க வேண்டிய நிலா

ஏவி நாற்பத்தொன்றாம் நாள்.
டார்ம்ஸ்டாட்டில் மூடுபனி. டிராம்
மணியை மட்டும் முன்னால் அனுப்பிவிட்டுப்
பின்னால் வருகிறது.

எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் எங்கள் கருவி.
அதன் சொல் இன்னும் வானிலை அறிக்கையில் ஏறாது.
முதலில் இரண்டு வாரம் சூடேற்றினோம்,
பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன ஈரம்
கண்ணாடியை விட்டுக் கழியட்டும் என்று.
யாரோ விட்ட மூச்சும் அதில் இருக்கலாம்.
பிறகு குளிரவிட்டோம்.
ஆறு நாளும் வீப்கே நகம் கடித்தாள்.
நான் வரைபடம் போட்டேன்,
முந்தின நாள் போட்டதையே.

எட்டு விநாடிக்கு ஒருமுறை அது
தன் வயிற்றுக்குள் இருக்கும் கரும்பொருளைப் பார்க்கும்:
இவ்வளவு சூடு என்று எங்களுக்குத் தெரிந்தது.
முகம் திருப்பி வெட்டவெளியைப் பார்க்கும்:
ஒன்றுமில்லை என்று எங்களுக்குத் தெரிந்தது.
இந்த இரண்டையும் வைத்துத்தான்
சகாராவை, புயலின் தலையை,
பிஸ்கே விரிகுடாவின் மேல் ஈரத்தை
அளக்க வேண்டும்.

நேற்றிரவு 2:17க்கு
ஒன்றுமில்லாததில் ஏதோ இருந்தது.

மூன்றாம் உணரியில் மட்டும்
பூமி முழுக்க அரை டிகிரி குளிர்ந்துபோனது.
பனி படிந்துவிட்டது என்றாள் வீப்கே.
துலூஸிலிருந்து போனில் திபோ, மின்சுற்று என்றான்.
என் நிரலில் ஒரு கழித்தல் குறி
தலைகீழாக நிற்கிறது என்று எனக்கு நிச்சயம்.
ஆளுக்கொரு குற்றவாளி.

பன்னிரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது.
நூற்றியொரு நிமிடம் கழித்து
அடுத்த சுற்றில் அதே இடத்தில் அதே அரை டிகிரி.
படிந்த பனி இப்படி வந்துவந்து போகாது.
என் கழித்தல் குறியும்தான்.

கோள்நிலை அட்டவணையைத் திறந்த திபோ
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு சிரித்தான்.
நிலா.
வெட்டவெளி பார்க்கும் சாளரத்தின் ஓரத்தில்
அழைக்காமல் வந்து நின்றிருக்கிறது.

தண்ணிலா என்று சொல்லும் மொழி எனக்கு.
அகச்சிவப்பில் அது
முன்னூற்றுத் தொண்ணூறு கெல்வினில் கொதிக்கிறது;
மேலே ஒரு பானை வைத்தால் பொங்கும்.

பதிவேட்டின் பெயர்க் கட்டத்தில்
மங்கையர்க்கரசி கொள்ளாது. மங்கை என்று போட்டேன்.
2:17 முதல் 2:29 வரை. நிலா. நீக்கப்பட்டது.

வாசலுக்கு வந்தால் பனி இன்னும் கலையவில்லை.
அது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று
மூன்று தசம இடம் வரை தெரியும்.
அந்தத் திசையில் பார்த்தேன்.
சாம்பல் நிறம்.
மணிச் சத்தம் வந்தது, டிராம் வரவில்லை.