சுழியம் தேய்ந்த இயந்திரம்

செயலகத்தின் இரண்டாம் மாடியில்
என் தட்டச்சு இயந்திரத்துக்குச் சுழியம் தேய்ந்துவிட்டது.
காது மந்தமானவரிடம் பேசுவதுபோல்
அழுத்தி அடிக்க வேண்டும்.

லண்டன் கடன் தர இசைந்த வாரம்
தொகைக்குப் பின்னால் ஆறு சுழியம் அடித்தேன்,
இரண்டு கார்பன் வைத்து, மூன்று படிகள்.
வட்டியில்லாக் கடன்.
வட்டி இல்லையென்றால் குட்டியும் இல்லை
என்று சிரித்தார் கணக்கர் குத்தெரஸ்.
வட்டி கேட்காதவன் நன்றி கேட்பான்,
அதற்குக் கடைசித் தவணையே கிடையாது என்றேன்.
அவர் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார்.

கவுலூனில் பழைய ஓடுபாதையின் குறுக்கே சாலை போகிறது.
விமானம் இறங்கினால் கதவு விழும்.
மீன்கூடைகளோடு பேருந்து நிற்கும்,
பன்றி ஏற்றிய லாரி நிற்கும்,
பன்றிகள் மட்டும் பொறுக்காமல் கத்தும்.
இனி ஜெட் வரப்போகிறது, நீளம் போதாது.
ஆகவே ஒரு குன்றை வெட்டி
விரிகுடாவுக்குள் நாக்கு நீட்டுவதென்று தீர்மானம்.
குன்றுக்குக் கோப்பில் ஒரு எண் இருந்தது.
பெயரை யாரும் கேட்கவில்லை.

"மிஸ் ரெமெடியோஸ், ஒரு சுழியம் குறைகிறது.
இந்தத் தொகைக்கு ஓடுபாதை நடுக்கடலில் முடியும்,
விமானம் நீந்தப் பழக வேண்டியதுதான்"
என்றார் திரு. ஆஷ்கோம்.
அறை சிரித்தது. நானும் சிரித்தேன்.
ஒன்பது பக்கத்தையும் திரும்ப அடித்தேன்.

கடைசித் தவணையின் ஆண்டை அடிக்கும்போது
விரல் தானாக நின்றது.
அப்போது எனக்கு அறுபத்தொன்று.

அந்தக் கட்டில் கடைசி இணைப்பு:
குன்றில் அகற்றப்பட வேண்டியவை.
கீரைப் பாத்திகள், பன்றித் தொழுவம் ஆறு,
லிச்சி மரம் பதினொன்று, காய்ப்பவை நான்கு.
எலும்புத் தாழிகள் 23,
தாழிக்கு ஐந்து டாலர்.

அது 230.

ஆஷ்கோம் பார்த்தார், கையெழுத்திட்டார்.
அவருக்கு மேலிருந்தவரும் பார்த்தார்.
அரக்கு உருகி, முத்திரை விழுந்து, பை கப்பலேறியது.
நான் கண்டது எட்டு மாதம் கழித்து,
மூன்றாம் படியின் மங்கிய நீலத்தில்,
வேறெதையோ தேடும்போது.

ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டுப் படகேறினேன்.
குன்று பாதி தின்ற ரொட்டியாகக் கிடந்தது.
கறுப்புத் துணி விளிம்பு தொங்கும் தொப்பிகளில்
ஹக்கா பெண்கள் காவடித்தண்டில் மண் சுமந்தார்கள்.
நடைக்கு ஒரு மூங்கில் குச்சி,
மாலையில் குச்சிக்குக் காசு.
மேஸ்திரியின் கையில் என் பட்டியல்.
என் எழுத்து. எனக்குத் தெரியாதா?
இருபத்து மூன்று தாழிக்குப் பணம் கொடுத்தாயிற்று,
பட்டியலில் இல்லாதது குன்றிலும் இல்லை என்றான்.

சுங் தாய்மோய் இறங்கி வந்தாள்.
தண்டின் ஒரு முனையில் மாமியாரின் தாழி,
சமன் நிற்க மறுமுனையில் மண்.
"இருந்தபோதும் இவளுக்கு எதிராக
எதையாவது நான் சுமந்தாக வேண்டும்"
என்றாள், மூச்சு வாங்க.
பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.
மண் கூடையைக் கடலில் கவிழ்த்துக் குச்சியை வாங்கிக்கொண்டு
தாழியோடு மட்டும், ஒரு பக்கம் சாய்ந்து,
சாலையோரம் நடந்தாள்.
எங்கே கொண்டுபோகிறாள் என்று கேட்க
அவள் மொழி எனக்கு வராது என்று சொல்லிக்கொண்டேன்.
வரும், கொஞ்சம்.

திங்களன்று திருத்தக் குறிப்பு அனுப்பினேன்.
"பார்க்கப்பட்டது" என்று பச்சை மையில் திரும்பியது.
ஒரு சுழியத்துக்காகக் கடன் பத்திரத்தைத் திறக்க முடியுமா
என்றார் ஆஷ்கோம், கனிவாகத்தான்.
ஒரு சுழியத்துக்காக ஒன்பது பக்கம் அடித்தவள் நான்.
சொல்லவில்லை.

முதல் ஜெட் இறங்கிய பிற்பகல்
செயலகமே கூரைக்கு ஓடியது.
இருபுறமும் தண்ணீர், நடுவே நேர்கோடு,
சக்கரம் தொட்ட இடத்தில் சின்னப் புகை.
எல்லோரும் கைதட்டினார்கள்.
குத்தெரஸ் என்னைப் பார்த்தார்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது புது இயந்திரம்.
சுழியம் தொட்டாலே விழுகிறது.
பழக்கம், நான் இன்னும் அழுத்தித்தான் அடிக்கிறேன்.
தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்
தொகைகள் இருக்குமிடமெல்லாம்
வட்ட வட்டமாக ஓட்டை.