அறுபதில் நிற்கிறது

செருகியிருக்கிறது, ஏறவில்லை
என்கிறது திரையின் வலது மூலை.
அறுபது.
நேற்றிரவு பத்து மணிக்கும் அறுபது,
விடியக்காலை செம்பனை லோரிகள்
முதல் கியரில் இருமிக்கொண்டு போனபோதும் அறுபது.

எண்கள் எனக்குப் புதிதல்ல.
ஆலை வாசலில், எடைமேடைக் கண்ணாடிக் கூண்டுக்குள்,
ஒன்பது வருஷமாய் அவற்றோடுதான் பிழைப்பு.
பழத்தோடு ஒரு எடை, இறக்கிவிட்டு ஒரு எடை,
கழித்தால் வருவது கணக்கு.
எண் நகராமல் அடம்பிடித்தால்
பின்சக்கரம் ஒன்று மேடைக்கு வெளியே நிற்கும்,
இல்லையென்றால் தகட்டுக்கடியில் கல்.
இறங்கிப் போய்க் குனிந்து பார்க்க வேண்டும்.
கூண்டுக்குள்ளிருந்து திட்டினால் எண்ணுக்குக் கேட்காது.

ஆகவே குனிந்தேன்.

முதலில் சுவர்.
சமையல்கட்டில் அரிசிக் குக்கரைப் பிடுங்கிவிட்டு
அந்த இடத்தில் செருகினேன்.
குக்கருக்கு வருகிற கரண்டு இதற்கு மட்டும் வராதா?
அறுபது.

பிறகு வயர்.
கழுத்தருகே பூனை கடித்த தடம்; விரலால் அழுத்தி
அப்படியும் இப்படியும் திருப்பினேன்.
துளைக்குள் டார்ச் அடித்தால்
எறும்பு. செத்த எறும்பு, நாலைந்து,
மழைக்கு ஒதுங்கி வந்தவை போலிருக்கிறது.
பழைய பல்துலக்கியால் தட்டி எடுத்து
பேப்பரில் வரிசையாய்ப் போட்டேன்,
கடத்தல் பிடித்த போலீஸ் மாதிரி.
அறுபது.

பித்தானை முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன்.
இருபதில் தனபாலன் வந்து
“தட்டிப் பாரேன்” என்றார்.
அவர் வைத்தியம் அது ஒன்றுதான்,
மோட்டாருக்கும், டீவிக்கும், பலாப்பழத்துக்கும்.

அறுபதுக்கு ஒன்றேகால் மணி நேரம் தாங்கும்.
வியாழக்கிழமை ராத்திரிப் பரீட்சை இரண்டு மணி நேரம்.
இங்கே இடி இறங்குவதற்கு முன்னமே
கரண்டு கிளம்பிப் போய்விடும்.
நாற்பத்தோரு வயதில் டிப்ளோமா படிப்பவளுக்கு
வானம் தேதி பார்த்து ஒதுங்குமா?

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால் லியோங் கடை.
தன் வயரைச் செருகிப் பார்த்தான். அறுபது.
“பேட்டரி சுடா கொங் லா, காக்,
இருநூற்று நாற்பது வெள்ளி”
என்றான், மூடியைக்கூடத் திறக்காமல்.

திரும்பும் வழியெல்லாம்
மடியில் அதை வைத்துக்கொண்டு யோசித்தேன்.
செத்தது என்றால்
ஐம்பத்தேழில் சாகலாம், முப்பத்திரண்டில் சாகலாம்.
பழுதான வண்டி எங்கே வேண்டுமானாலும் நிற்கும்;
நிறுத்தக் கோட்டிலா போய் நிற்கும்?
என் மேடையில் ஒரு லோரி
சரியாய்ப் பத்து டன் காட்டினால்
நான் ரசீது கிழிக்கமாட்டேன்.
உருண்டை எண்ணில் எப்போதும்
யாரோ ஒருவர் கை இருக்கும்.

இருந்தது.
அமைப்புகளுக்குள், அதற்குள், அதற்கும் உள்ளே,
ஆயுளைக் காக்க அறுபதோடு நிறுத்து என்று
ஒரு கட்டம்; அதில் ஒரு டிக்.
புவான் ரொஹாயா போட்டது.
ஸ்டோர் ஆபீசில் சுவரோரம் அவர் மேசை;
வருஷம் முழுக்க வயரிலேயே கிடந்த மடிக்கணினி.
மாற்றலாகிப் போகும்போது எனக்கு விற்றார்.
பை கொடுத்தார், மவுஸ் கொடுத்தார்,
ஒரு டப்பா குவே கூடக் கொடுத்தார்.
இதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

பாவம், அதை எவ்வளவு திட்டினேன்.
சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது,
சொன்னவர் சிரம்பானுக்குப் போன பிறகும்.

டிக்கை எடுத்தேன்.
அறுபது.
அறுபது.
அறுபத்தொன்று.

எடைமேடையில் எத்தனை ஆயிரம் கிலோ ஏறியும்
எனக்கு இப்படி வயிற்றில் ஏதும் புரண்டதில்லை.
வெள்ளிக்கிழமை மறுபடி டிக் போடுவேன்,
ரொஹாயா கணக்கு தப்பில்லை.
வியாழன் வரை ஏறட்டும்.
அறுபத்திரண்டு. மூன்று.

“சோறு ஆச்சா?” என்கிறார் தனபாலன் வாசலிலிருந்து.
திரும்பிப் பார்க்கிறேன்.
குக்கரின் வயர் மேசையில் சுருண்டு கிடக்கிறது.
உள்ளே அரிசி,
செருகவில்லை,
வேகவில்லை.