பதினான்கு அடி

கவுண்டி அலுவலகத்தில்
விளம்பரப் பலகை விதிகள் பதினோரு பக்கம்.
மார்வெல்லா ஸ்ட்ரோ நகலெடுத்துத் தந்தாள்,
பக்கத்துக்கு இருபத்தைந்து சென்ட்.
ஒன்பதாம் பக்கத்தில் காபிக் கறை.
அசலில் இருந்தது, நகலிலும் வந்துவிட்டது.
"முதலில் அதைப் படி" என்றாள்,
"எல்லோரும் அங்கேதான் விழுகிறார்கள்."

காரின் முகப்பில் விரித்து வாசித்தேன்.
நெடுஞ்சாலை விளிம்பிலிருந்து அறுபது அடி உள்ளே.
உயரம் முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது.
எவர் வீட்டு ஜன்னலிலும் அதன் வெளிச்சம் படக் கூடாது.
கல்லறைத் தோட்டத்துக்கு முந்நூறு அடி தள்ளி;
இறந்தவர்களிடம் எதையும் விற்க வேண்டாமென்று
யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.
கறைக்குள் மங்கலாய்:
பலகைக்கும் பலகைக்கும் இடையே
ஆயிரம் அடி.

லீலண்ட் குசெரா வேலியோரம் காத்திருந்தார்.
இரண்டு வருடமாய்ச் சோளத்துக்கு விலையில்லை.
எங்கள் கம்பெனி சொன்ன மாத வாடகையைத்
தொப்பியின் உள்விளிம்பில்
பேனாவால் எழுதி வைத்திருந்தார்.

அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்தேன்.
நெப்ராஸ்காவில் எவ்வளவு நடந்தாலும்
நடந்த மாதிரி இருக்காது,
வானம் நகராமல் கூடவே வரும்.
பக்கத்து நிலத்தின் எல்லையில்
சாய்ந்து நின்றது ஒரு மரப்பலகை:
'கிணறு தோண்ட ஆர்விட் டெஷ்.'
கீழே ஏழே இலக்கத்தில் தொலைபேசி எண்.
ஆர்விட் செத்துப் பன்னிரண்டு வருடம்.
சக்கரம் காட்டியது
தொள்ளாயிரத்து எண்பத்தாறு.

பதினான்கு அடி.
பாட்டென்றால் ஒரே மூச்சில் படித்துவிடலாம்.
"இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி நடலாமே" என்றார்.
இந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம்.

மார்வெல்லாவைக் கூப்பிட்டேன்.
விதிக்கு முந்திய பலகை,
நிற்கும்வரை நிற்கலாம்.
பாதிக்கு மேல் சேதமானால்
திரும்ப எழுப்பக் கூடாது.
"எப்போது விழும்?"
"காற்றைக் கேள்" என்று வைத்துவிட்டாள்.

மார்ச்சில் காற்று பதில் சொன்னது.
கொட்டகைத் தகரங்கள் அடுத்த கவுண்டியில் கிடைத்தன.
கம்பெனியில் ஒருவன் கைதட்டினான்.
கேமராவோடு என்னை அனுப்பினார்கள்.

பலகை நின்றுகொண்டிருந்தது.
பின்னால் இரண்டு முட்டுக்கட்டைகள்,
புது பைன் மரம், பிசின் காயவில்லை.
மிச்சத் துண்டு லீலண்டின் லாரியில் கிடந்தது.
நான் கேட்கவில்லை.
"விழுந்து கிடந்தது" என்றார்,
"மாடு ஆணியை மிதித்துவிடும்."

வெகுநேரம் கழித்து,
நான் கார்க் கதவைத் திறந்த பிறகு:
"என் கிணறு அவன் தோண்டியது.
தண்ணீரில் இன்னும் இரும்பு வாடை.
நூறு தடவை திட்டியிருக்கிறேன் அவனை."
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
உள்ளே அந்தத் தொகை
வியர்வையில் நீலமாய்க் கரைந்திருந்தது,
கடைசி இரண்டு சைபர் மட்டும் தெரிந்தது.

படிவத்தில் ஒரு கட்டம்:
சேதம், சதவீதத்தில்.
பலகையில் மொத்தம் பதினோரு சட்டம்.
ஏழு புதிது.
இரண்டு தடவை எண்ணினேன்.

நாற்பது என்று எழுதினேன்.

பத்தொன்பது வருடமாய் அளக்கிறேன்.
அன்றுதான்
அளந்து விட்டேன்.