கீல் சத்தம்

தெசலோனிக்கேயில் அடிமையைப்
பிள்ளாய் என்றுதான் அழைப்பார்கள்.
நரைத்தாலும் பிள்ளை.
பல் விழுந்த ஹெர்மாஸைப் பார்த்து
அவன் வயதில் பாதிகூட ஆகாத எஜமானி
"பிள்ளாய், செருப்பு" என்பாள்.

அதனால்தான் அன்றிரவு,
கயிற்றுக் கிடங்கின் மாடியில்,
எண்ணெய் போதாத ஒற்றை விளக்கின் கீழ்
யாரோ ஒருவர்
"நீங்கள் கடவுளின் பிள்ளைகள்" என்றதும்
சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன்,
எதை எடுத்துவர வேண்டுமோ என்று.

சிரித்தார்கள்.
உட்கார், த்ரோபிமே,
இது வேறு பிள்ளை என்றார்கள்.

அன்று ஒரு அயல்மொழிச் சொல் கற்றேன்.
எங்கள் கிரேக்கத்தில் இல்லாத சொல்.
உதடு ஒருமுறை மூடித் திறந்தால் போதும்:
அப்பா.
என்னை விற்ற சீட்டில்
தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு கோடுதான் இருக்கிறது.
மறுநாள் முழுக்க
சங்குச் சாயம் கொதிக்கும் கொப்பரையருகே
அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்திருந்தேன்,
திருடிய அத்திப்பழம் மாதிரி,
மெல்லாமல்.

ஆனால் அவர் திரும்பி வருவார் என்றார்களே,
அங்கேதான் எனக்கு இடறியது.

காத்திருக்க எனக்கு யாரும்
சொல்லித்தர வேண்டியதில்லை.
எஜமான் கொரிந்துக்குக் கப்பலேறுவார்.
எந்த நாள், எந்த நாழிகை என்பது
காற்றுக்கே தெரியாது.
அதுவரை என் காது
வாசற்கதவின் கீலில் தொங்கிக் கிடக்கும்.
உடைந்த ஜாடியைச் சாம்பலில் புதைப்பேன்.
கீல் முனகினால்
வயிறு சுருண்டுகொள்ளும்.
சபை முழுக்கக் கண்ணீரோடு
வாரும் வாரும் என்று கை விரித்தபோது
நான் மட்டும் மனதுக்குள்
உடைந்த ஜாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அரிஸ்தியோன் படகை விற்றுவிட்டு
கூரைமேல் போய் உட்கார்ந்தான்,
கிழக்கே பார்த்து.
ஸோசிமே இலையுதிர்காலத்தில் இறந்துபோனாள்,
அவருக்காகவே நெய்த புது மேலாடையை
ஒருநாளும் உடுத்தாமல்.
அவளைப் புதைத்துவிட்டு வந்து
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பிறகுதான் அது நடந்தது. சின்ன விஷயம்.

எஜமான் கப்பல் நள்ளிரவில் கரை தொட்டது.
கீல் முனகியது.
நான் சுவரோடு சுவராக ஒட்டினேன்.
எஜமானின் மகள், ஐந்து வயது பிலோத்தேரா,
தூக்கத்திலிருந்து வெறுங்காலோடு ஓடினாள்,
கன்னத்தில் எச்சில் காயாமல்.
அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு
ஒரே மூச்சில் சொன்னாள்:
"வந்துட்டீங்களா, கண்ணாடி விளக்கை நான்தான் உடைச்சேன்,
எனக்கு என்ன வாங்கி வந்தீங்க?"

அதே கதவு.
அதே கீல்.
அதே சத்தம்.

சுவரோரம் நின்று
நெடுநேரம் அழுதேன்.
யாரும் கவனிக்கவில்லை.
மூட்டைகளை இறக்கச் சொல்லிக் குரல் வந்தது,
போய் இறக்கினேன்.

விடிந்தும் நான் விற்கப்பட்டவள்தான்.
முழங்கைவரை ஊதா ஏறியிருக்கிறது,
சங்கின் அழுகல் நாற்றம்
எந்தச் சுனையிலும் கழுவப்போகாது.
பசித்து இறங்கிவந்த அரிஸ்தியோனுக்கு
என் பருப்புக்கூழில் பாதி ஊற்றினேன்.
அவன் குடித்து முடித்ததும்
கொப்பரைத் துடுப்பைக் கையில் கொடுத்தேன்.
வானத்தை இங்கிருந்தும் பார்க்கலாம்,
கிளறிக்கொண்டே பார் என்றேன்.
முறைத்தான். பிறகு கிளறினான்.

ஸோசிமேயின் மேலாடை இப்போது
துறைமுகத்தில் குளிரும் ஒருத்தியின் தோளில் இருக்கிறது.
அவளுக்கு வேறொன்று
அவரே கொண்டுவருவார்.

இரவில் கீல் முனகும்.
காற்று, பெரும்பாலும். சிலநாள் பூனை.
வயிறு இன்னும் சுருளத்தான் செய்கிறது,
இருபது வருடப் பழக்கம்.
ஆனால் இப்போதெல்லாம்
அது சுருண்டு முடிவதற்குள்
கால்கள் தரையில் இறங்கிவிடுகின்றன,
எதையும் எடுத்துக்கொள்ளாமல்.