மூன்றாம் மாடித் தரை

சோபாவை விற்றுவிட்டோம்.
பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில்
இப்போது தரைதான் சொத்து.

மூன்று தலையணை அடுக்கினால் பரங்கிமலை.
ஜொள்ளு வழிய ஏறுகிறாள் தாரகை,
பதினோரு மாதம்.
உச்சியிலிருந்து சரிந்து குப்புற விழுந்து
எங்கள் முகத்தைப் பார்க்கிறாள்:
அழவா, சிரிக்கவா?
சட்டென்று கைதட்டிவிட்டோம்.

காலித் தண்ணீர் கேனை உருட்டிக்கொண்டு
சமையலறைவரை தவழ்வாள்.
கீழ்வீட்டுக் கோதண்டம்
துடைப்பக் கட்டையால் சீலிங்கை இடிப்பார்.
இவள் நின்று, காது கொடுத்து,
உள்ளங்கையால் இரண்டு திருப்பித் தருவாள்.
அவர் மூன்று.
இவள் கேனோடு.

வியாசர்பாடியில் நான்கு நாளாய் முழங்கால் தண்ணீர்.
நேற்று தடுப்பூசிக் காய்ச்சல்;
தோளைவிட்டு இறங்கவில்லை.
கேன் மூலையில் கிடந்தது.
ஐந்தரை மணிக்கு
கீழிருந்து ஒரே ஒரு தட்டு,
மெதுவாக.