சரிவு

வாப்பா காலத்தில் பார் கணக்கு. ஒரு பார் ஐஸ், இவ்வளவு ரூபாய்.
இப்போது நாற்காலிக் கணக்கு.
ஒரு நாற்காலி, ஒரு நாள், நூற்றிருபது ரூபாய்,
கரண்டும் இணையமும் சேர்த்து.
தேநீர் தனி.

மண்டபத்தில் எங்கள் கம்பெனிக்கு வரும் படகு குறைந்த வருஷம்
(பொய் சொல்வானேன், கடனும் கூடிய வருஷம்)
அமோனியாக் குழாய்களைக் கழற்றி எடைக்குப் போட்டேன்.
வாடை மட்டும் எடைக்கு வரவில்லை.
மழை நாளில் இன்னும் மூக்கைச் சுடும்.

மதுரையிலிருந்து சாருமதி வந்தாள், கட்டட வரைபடக்காரி.
நாடா பிடித்து அளந்தாள், சுவரைத் தட்டினாள்.
"இடைச்சுவர் எல்லாம் போகட்டும் அக்கா.
இப்போ ஆபீஸுன்னா அறை இல்லை.
ஆளை ஆள் பார்க்கணும். ஒருத்தர் பேச்சு
இன்னொருத்தர் காதில் விழணும்.
அப்பத்தான் புதுசா ஏதாவது பிறக்கும்."
அப்படி விழுந்து எங்கள் தெருவில் பிறந்ததெல்லாம்
சண்டைதான் என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

குளிர் அறையை மட்டும் விட்டுவைத்தாள்.
ஒன்றரை அடிச் சுவர், உள்ளே தக்கை.
கச்சான் அடித்தாலும் கேட்காது.
'போன் பேசும் அறை' என்று பலகை மாட்டினோம்.
சிக்னலும் உள்ளே வராது என்பது
திறப்புவிழா அன்று தெரிந்தது.

ஒன்றை இரண்டு பேருமே மறந்திருந்தோம்:
தரை.
உருகிய தண்ணீர் ஓடட்டும் என்று
கொத்தனார் அன்றைக்கே சரித்துப் போட்ட தரை,
நாலு பக்கமிருந்தும் நடுவே ஒரு வடிகாலுக்கு.
கண்ணுக்குத் தெரியாத சரிவு.
சக்கரத்துக்குத் தெரியும்.

காலை ஒன்பதுக்கு அவரவர் மேசையில் அவரவர்.
பதினொன்றுக்கு நான் தலை நிமிர்ந்தால்
ஐந்து நாற்காலி வடிகால் மூடியைச் சுற்றி,
தண்ணீர் வற்றும் தொட்டியில் மீன் கூடுவது மாதிரி.
நகர்ந்த நினைப்பே யாருக்கும் இல்லை.

புதன்கிழமை தோறும் காளீஸ்வரி வருவாள்.
பாசி வளர்க்கும் பெண்கள் குழுவின் கணக்கு அவளிடம்.
ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்தபடி
வங்கியோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள்
கோபத்தில் பிடியை விட்டாள்.
உருண்டு வந்து ஜெனிஸ்டன் முதுகில் மோதினாள்.
தங்கச்சிமடத்துப் பையன். அலையின் உயரத்தை அளக்க
எட்டு மாதமாக ஒரு டப்பா செய்கிறான்,
யார் வாங்குவார்கள் என்று தெரியாமல்.
"கண்ணு தெரியலையா?" என்றாள், மோதியவள்.
அவன் கண் அவள் மடியில் விரிந்த நோட்டில் இருந்தது:
மிதவை அறுந்த தேதிகள், சிவப்பு மையில்.
தன் திரையைத் திருப்பிக் காட்டினான்.
நான்கு தேதிகள் ஒத்துப்போயின. ஐந்தாவது ஒத்துப்போகவில்லை.
அந்த ஐந்தாவதைப் பற்றித்தான்
சாயங்காலம் வரை பேச்சு.

(அது அலை இல்லை, கயிறு திருட்டு என்று
பிறகு தெரிந்தது. அது வேறு கதை.)

முதல் டப்பா கடலில் மூழ்கியது.
இரண்டாவது மிதக்கிறது, பாதி நேரம்.

மாசக் கடைசியில் பில் போட உட்கார்ந்தால் குழப்பம்.
அவள் மேசை வடக்கு ஓரம். அவன் மேசை ஜன்னல் ஓரம்.
நடந்தது நடுவே,
நான் வாடகை போடாத ஆறடியில்.

சாருமதி மதிப்பீடு அனுப்பினாள்:
தரையைச் சமமாக்க மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
விஷயம் கேள்விப்பட்டு மறுநாளே போன் செய்தாள்:
"அந்தச் சரிவு எத்தனை அங்குலம் அக்கா?
ராமநாதபுரத்தில் ஒரு கட்டடத்துக்கு வேணும்."

நேற்று காளீஸ்வரி என் மேசை முன் வந்து நின்றாள்.
"கணக்கு முடிக்கணும். இன்னிக்கு எவன் மூஞ்சியும் வேண்டாம்.
சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஏதாவது இருக்கா?"
உடைந்த மிதவை மூங்கிலைச் சீவி
இரண்டு ஆப்பு செய்து கொடுத்தேன்.
எனக்கு ஆப்பு வைத்தவர்கள் ஊரில் நிறைய.
கேட்டு வாங்கிப் போனவள் இவள் ஒருத்திதான்.

பேரேட்டில் எழுதினேன்:
ஆப்பு, இரண்டு. வாடகை இல்லை.
திருப்பித் தர வேண்டும்.