திரும்பவில்லை

நானூற்றுப் பன்னிரண்டாம் பகுதியில்
மாதங்கி பெட்டியோடு வாசற்படியில் நின்றாள்.
மறுநாள் அந்த நேரத்துக்குச்
சமையல் போட்டி வந்துவிட்டது.
விளம்பரக் கம்பெனி விலகிக்கொண்டதாகப் பேச்சு.
மூன்று வருஷம் விடாமல் பார்த்த எங்களிடம்
யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால் நாங்களே எழுதுகிறோம், நாலு பேர்.
காட்பாடி பார்சல் ஆபீஸ் முனிரத்தினம்,
கஸ்பா பர்வீன்,
பாகாயம் ஜெபசீலி டீச்சர், நான்.
மாதம் ஒரு சீட்டு, சீட்டில் ஒரு வரி.
மாதங்கியின் மீதிக் கதை
அந்த வரி வழியாகத்தான் போக வேண்டும்.
மற்றபடி ஒரே ஒரு சட்டம், முனிரத்தினம் போட்டது:
நம்மில் யாரும் கதைக்குள் நுழையக் கூடாது.

சித்திரைச் சீட்டில் வந்தது:
'அவள் திரும்பவில்லை.'

முனிரத்தினம் அன்றிரவே முடித்துவிட்டார்.
ரயில், பாலாற்றுப் பாலம், ஒற்றைச் செருப்பு.
தண்ணியில்லாத ஆற்றில் எப்படி சார் மூழ்கினாள்
என்று ஜெபசீலி கேட்டாள்.
மணலில்தான் என்றார்.
பர்வீன் அவளை மஸ்கட்டுக்கு ஏற்றிவிட்டாள்.
ஜெபசீலி சொன்னது மாமியாரின் வாயால்.
பக்கம் முழுக்க 'அவ', 'அவ' என்றே போகிறது.
கடைசிப் பத்தியில், பக்கத்து வீட்டுக்காரியிடம்,
தன்னையறியாமல் ஒரே ஒரு 'அவங்க'.
படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் பொறாமை.

மூன்று பேருக்கும் திரும்புவது என்றால்
வீட்டுக்குத் திரும்புவது.
எனக்கு அந்தச் சொல் அப்படிக் காதில் விழவில்லை.
ஆற்காடு சாலையில், ஒரு ஸ்கேன் சென்டரில்,
ஒரு நாளைக்கு அறுபது தடவை அதைச் சொல்கிறேன்.
திரும்புங்க. நெஞ்சைத் தட்டில் ஒட்டி நில்லுங்க.
மால்டாக்காரர்களுக்கு வங்காளத்தில்,
சித்தூர்க்காரர்களுக்குத் தெலுங்கில்.
முகம் எனக்கு நினைவில் நிற்பதில்லை.
முதுகு நிற்கும்.
செயினைக் கழற்றிய கழுத்தில் வெளுத்த கோடு,
தப்பாக முடிந்த கவுன் நாடா,
பெயர் கூப்பிடுமுன்பே விறைத்துக்கொள்ளும் தோள்பட்டை.

ஆகவே மாதங்கியை என் அறைக்கு வரவழைத்தேன்.

'நான்' என்று ஆரம்பித்தேன்.
சட்டம் குறுக்கே நின்றது. அடித்தேன்.
'டெக்னீஷியன் அவளை நிற்கச் சொன்னாள்' என்றால்
பத்துக்குப் பத்து அறையில்
இரண்டு 'அவள்' முட்டிக்கொண்டார்கள்.
மாதங்கியின் கண்ணால் பார்க்கலாம் என்றால்
அவளுக்கு எதிரே வெறும் தட்டு,
அதில் முன்னால் நின்றவரின் வியர்வை.
நாலு வரிக்கு மேல் ஓடவில்லை.
'நாம்' போட்டேன் ஒரு ராத்திரி.
படிக்கிறவர்களும் உள்ளே வந்து
ஈயக் கவசம் இல்லாமல் வரிசையில் நின்றார்கள்.
பாவமாக இருந்தது, வெளியே அனுப்பினேன்.

கடைசியில் 'நாங்கள்'.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் என்று
முதல் வரி.
நாங்கள் என்றால் யார் யார்,
மெஷினையும் சேர்த்தா என்று
எங்கேயும் சொல்லவில்லை.

வெளியே கத்திரி. ஏசி ரிப்பேர்.
வேறு ஏதோ பெயர் கொடுத்திருந்தாள்.
வயது முப்பத்தொன்று.
கூட வந்தவர் என்ற இடத்தில் ஒரு கோடு.
பின்கழுத்தில் மச்சம், புளியங்கொட்டை அளவு.
அது யாருடைய மச்சம் என்று
எங்களுக்குத் தெரியாது,
படிக்கிறவர்களுக்குத் தெரியும்.
மூச்சை இழுத்துப் பிடிங்க என்றோம்.
பிடித்தாள்.
படம் எடுத்தாயிற்று.
அவள் திரும்பவில்லை.

அதோடு நிறுத்தி அனுப்பிவிட்டேன்.

யாரும்மா இந்த நாங்கள்,
இது சட்டத்தில் வருமா என்று முனிரத்தினம்.
ஜெபசீலி ஒரு எழுத்துப்பிழையைச் சுற்றி அனுப்பினாள்,
வேறொன்றும் எழுதவில்லை.
ராத்திரி பதினொன்றரைக்குப் பர்வீன் போன் செய்தாள்.
ஹலோ கூடச் சொல்லவில்லை.

'அடியே, விடச் சொல்லவே இல்லையே நீ.
இன்னும் பிடிச்சிக்கினே நிக்கிறாடி.'